எங்கே உட்கார்ந்தீர்கள், ஐயா?

ஏரிப்பாக்கம் காலனி,
ஒரகடம் வழி.
2-7-1979

அன்பு மருமகள் கனகத்துக்கு, உன் மாமன் சின்னப்பையன் சொந்தக் கைப்பட எழுதுவது. இங்கே எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். உன் அம்மா முனியம்மாளுக்கு மட்டும் முட்டிவலி. நான் சொன்ன பச்சிலையைக் கட்டியிருந்தால் இந்நேரம் ஓட்டப்பந்தயம் ஓடியிருப்பாள், என் பேச்சை எந்தத் தங்கச்சி கேட்டாள்? அரூர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? வாத்தியாரம்மா ஆகிவிட்டோம் என்று வேளைக்குச் சாப்பிடாமல் இருக்காதே.

பெரிய வீட்டுத் தசரதனின் சித்தி போன திங்கட்கிழமை காலமாகிவிட்டாள். உனக்குத்தான் தெரியுமே, நான் இல்லாமல் இந்தப் பக்கத்தில் ஒருத்தரும் முறையாகச் செத்ததே இல்லை. பெரிய வீட்டில் உயிர் பிரிந்தால் முதல் ஆள் டாக்டரிடமா ஓடுகிறான்? காலனிக்கு ஓடி வருகிறான். "சின்னப்பையன் எங்கே?" சொந்தக்காரர்களுக்குச் சாவு சொல்லப் போவது நம் குடும்பத்து உத்தியோகம். என் அப்பனுக்கு அப்புறம் நான்.

ஊர்த் தெரு முடிகிற வரைக்கும் செருப்பைக் கேரியரில் செருகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அது ஒரு கம்பீரம். வேகமாகப் போனால் ஜனங்கள் என்னைச் சரியாகப் பார்க்க முடியாதில்லையா? வாலாஜாபாத்தில் மகள் வீட்டு வாசலில், "சிரிச்ச முகமாவே போய்ட்டாங்கம்மா" என்றேன். தெருவே கதறியது. குன்றத்தூரில், "விளக்கு தானா அணைஞ்சுதுங்க" என்றேன். அங்கே ரெண்டு பேர் மயக்கம். படப்பைக்குப் போவதற்குள் கைதேர்ந்துவிட்டேன். "கட்டுத்தறியில பசுமாடு கண்ணீர் விட்டுதுங்க" என்றேன். அந்த வீட்டு மாடே அழுதது, சத்தியம்.

திரும்பி வந்ததும் பெரிய வீட்டில் எனக்கு ராஜ உபசாரம். குழம்பு, ரெண்டு பொரியல், வடை. இன்னும் போடட்டுமா என்று நச்சரித்துவிட்டார்கள். இதை வாசித்துக் காட்டினால் உன் அத்தை மீனம்மாள் என்ன சொல்கிறாள் தெரியுமா? "இன்னும் கொஞ்சம் வுட்டா, செத்துப்போன கெழவியே எழுந்து வந்து பரிமாறுனாள்னு எழுதுவ." பொறாமை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மாமன்,
சின்னப்பையன்


அரூர்
16-7-1979

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். நான் நலம். தண்ணீர் ஒத்துக்கொண்டது. அம்மாவை வாலாஜாபாத் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். பச்சிலை பிறகு பார்க்கலாம்.

உங்களிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஏழாம் வகுப்புக்குக் கதை எழுதச் சொல்லித்தருகிறேன். வாரம் ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதுவேன். உரிமை, சமத்துவம், சுரண்டல், இப்படி. அந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதக் கூடாது. அந்தச் சொல்லையே பயன்படுத்தாமல், அது நடந்ததை அல்லது நடக்காததைக் கண்ணால் பார்த்தபடி எழுத வேண்டும். பிள்ளைகள் ஆரம்பிக்கத் தெரியாமல் விழித்தார்கள். அதனால் உங்கள் கடிதத்தை, எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எழுதியது என்று சொல்லி வாசித்துக் காட்டினேன். மாடு அழுத இடத்தில் வகுப்பே சிரித்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

எங்கள் வகுப்பில் எந்தக் கதையைக் கேட்டாலும் மூன்று கேள்வி கேட்கலாம் என்பது விதி. யார் செய்தார்? எங்கே? சொல்கிறவர் எங்கே இருந்தார்? யாக்கோபு என்ற பையன், அவ்வளவு தூரம் போக எப்போது கிளம்பினீர்கள், வழியில் யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று கேட்கிறான். கங்கா என்ற பெண் அதிகம் பேசமாட்டாள். அவள் கேட்டது ஒன்றுதான். "பெரிய வீட்டில் அவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்?"

முடிந்தால் பதில் எழுதுங்கள். அத்தைக்கு என் அன்பு.
கனகம்


ஏரிப்பாக்கம் காலனி
31-7-1979

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதுவது. உன் அம்மாவின் முட்டி பரவாயில்லை. என் பெயர் அரூர் வரைக்கும் போய்விட்டது என்று போஸ்ட்மேன் கன்னியப்பனிடம் சொன்னேன். "ஏழாம் கிளாஸ் பாடப் புஸ்தகத்துலயே போட்டுட்டாங்களா?" என்றான். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

ஊர்க்காரர் என்று சொன்னாயா? சரி, சரி. மாமன் என்று சொன்னால் கண்ணு பட்டுவிடும்.

யாக்கோபு கெட்டிக்காரன். அவனுக்குச் சொல்: கோழி கூவும் முன்னே கிளம்பினேன். இன்னும் சொல்லப்போனால் என் சைக்கிள் பெல் சத்தம் கேட்டுத்தான் கோழி கூவியது. தண்ணீர் படப்பையில் ஒரு டீக்கடைக்காரர் கொடுத்தார். "அண்ணே, உங்க குரலைக் கேட்டுக்கினே இருக்கலாம்" என்றார். பிறகு பாம்பு ஒன்று குறுக்கே வந்ததையும், அதனிடமே நான் சாவுச் செய்தி சொன்னதையும், அது படத்தைச் சுருக்கிக்கொண்டு போனதையும் சொல்.

கங்காவின் கேள்விக்கு விரிவாக எழுத வேண்டும். இந்தக் காகிதத்தில் இடம் இல்லை.

நலமாய் இரு.
சின்னப்பையன்


அரூர்
18-8-1979

மதிப்பிற்குரிய சின்னப்பையன் ஐயா அவர்களுக்கு, ஏழாம் வகுப்பு மாணவ மாணவியர் சார்பாகக் கங்கா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் அனைவரும் சுகம். நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் பாம்புக் கதை எல்லோருக்கும் பிடித்திருந்தது. யாக்கோபு மட்டும் நம்பவில்லை. இந்த வாரம் எங்களுக்குக் கொடுத்த சொல் கண்ணியம். நான் உங்கள் கதையையே திருப்பி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பெரிய வீட்டுக்கு வந்ததும் என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் முன்வாசல் வழியாகப் போனீர்களா, பின்பக்கமா? சாப்பாடு இலையிலா, தட்டிலா? எங்கே உட்கார்ந்தீர்கள், ஐயா?

எங்கள் அப்பாவும் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போகிறார். அவர் எங்கே நிற்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
கங்கா


ஏரிப்பாக்கம் காலனி
27-8-1979

கனகத்துக்கு.

எல்லோரும் சுகம்.

நான் உனக்கு எழுதியது உனக்கு. வகுப்பில் கடை விரிப்பதற்கு இல்லை. பிள்ளைகளுக்குப் பாடத்தைச் சொல்லிக்கொடு. பெரியவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுக்காதே. இனிமேல் என் கடிதத்தை யாருக்கும் வாசிக்காதே.

சின்னப்பையன்


அரூர்
9-10-1979

அன்புள்ள மாமாவுக்கு, இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. நான் சுகம். மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. அத்தை சுகமா? அம்மா நடக்கிறாளா? கோபத்தை விட்டு அதையாவது ஒரு கார்டில் எழுதுங்கள்.

கங்கா தான் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டாள். ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது டீச்சர், என்கிறாள். தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன், நம்பவில்லை.

போன வாரம் கரும்பலகையில் உரிமை என்று எழுதினேன். யாக்கோபு எழுந்து, "டீச்சர், நீங்க எங்களை எழுதச் சொல்றீங்களே, நீங்க ஒண்ணு எழுதுங்க" என்றான். சாக்பீஸோடு நின்றேன். எனக்கு எழுத ஒன்று இருந்தது, மாமா. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருநாள் உங்கள் பின்னாலேயே ஓடிவந்தேன், பெரிய வீட்டுக்கு. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். இவ்வளவுதான் எழுதினேன். மணி அடித்துவிட்டது.

நீங்கள் எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.
கனகம்


ஏரிப்பாக்கம் காலனி
2-11-1979

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதுவது. தீபாவளி நன்றாகப் போயிற்று. உன் அம்மா தெருக்கோடி வரை நடக்கிறாள். உன் அத்தை சுகம், ஆனால் ஒரு மாதமாக என்னைத் திட்டுகிறாள். "பாம்பாண்ட பேசுனேன், மாட்டாண்ட பேசுனேன்னு எழுதத் தெரியுது, ஒரு பொட்டப்புள்ள கேட்டதுக்குப் பதில் எழுத மசி இல்லியா?" என்கிறாள். ஆகவே கீழே இருப்பது கங்காவுக்கு. வாசித்துக் காட்டலாம்.

கங்கா, பெரிய வீட்டுக்குப் பின்பக்கமாகப் போனேன். எருக்குழி ஓரம் நின்றேன். தசரதன் வீட்டு அம்மா சோற்றை என் துண்டில் கொட்டினாள். தண்ணீரை உயரத் தூக்கி என் கையில் ஊற்றினாள். குழம்பு ஒன்று. பொரியல் இல்லை. வடை இல்லை. வாலாஜாபாத்திலும் குன்றத்தூரிலும் தெருவில் நின்றுதான் சொன்னேன். என் அப்பனும் அப்படித்தான். நான் அந்த வீட்டில் இதுவரை உட்கார்ந்தது இல்லை.

போதுமா? இப்போது யாக்கோபுக்கு: பாம்பு உண்மை. அது மட்டும் உண்மை.

கனகம், நீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது எனக்கு அன்றைக்கே தெரியும். துண்டை மடித்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேனே, எதற்கு என்று நினைத்தாய்?

சுகமாய் இரு.
சின்னப்பையன்


அரூர்
20-11-1979

அன்புள்ள மாமாவுக்கு, நலம். உங்கள் கடிதத்தைக் கங்காவே வகுப்பில் வாசித்தாள். யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் யாக்கோபு, "சரி, அடுத்த சாவுக்கு அவர் என்ன செய்வார்?" என்று கேட்டான். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்து போகவில்லை. போகக் கூடாது என்றது பாதி வகுப்பு. போய் உட்கார வேண்டும் என்றது மீதி.

மாமா, இது பிள்ளைகள் பேச்சு. நீங்கள் உழுகிற குத்தகை நிலம் பெரிய வீட்டுடையது. அம்மாவும் அத்தையும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். தசரதனின் அப்பா, பெரியவர் பலராமன் படுத்த படுக்கையாக இருப்பதாக அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ஏதாவது என்றால் இந்த ஒரு தடவை போய்விட்டு வந்துவிடுங்கள். அப்புறம் பேசிக்கொள்ளலாம். நான் பொங்கலுக்கு வருகிறேன்.

இதை வகுப்பில் வாசிக்கப்போவதில்லை.
கனகம்


ஏரிப்பாக்கம் காலனி
22-1-1980

அன்பு மருமகளுக்கு மாமன் சொல்ல எழுதியது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதே என்று மிரளாதே. போஸ்ட்மேன் கன்னியப்பனைக் காரியதரிசியாக வைத்துக்கொண்டிருக்கிறேன். பெரிய ஆட்கள் எல்லாம் சொல்லத்தான் செய்வார்கள், எழுதமாட்டார்கள். பள்ளிக்கூட ஆய்வு என்று பொங்கலுக்கு நீ வரவில்லை, பொங்கல் பானை கோபித்துக்கொண்டு பொங்க நேரமாகிவிட்டது. மற்றபடி எல்லோரும் சுகம்.

பெரியவர் பலராமன் போன புதன்கிழமை விடியற்காலையில் காலமானார். மகன் தசரதனே காலனி முனைக்கு வந்தான். நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுது என்று கன்னியப்பனிடம் சொல்லியிருக்கிறேன்.

"டேய் சின்னப்பையா! அப்பா பூட்டாருடா. கெளம்பு."

"கேட்டதும் நெஞ்சு ஒடிஞ்சி போச்சுங்க."

"அப்பால அழுவலாம். மொதல்ல வாலாஜாபாத். அப்படியே குன்றத்தூர்."

"போறேங்க. திரும்பி வந்தா நான் எங்க உக்காருவேன்?"

"இன்னாடா கேக்கற?"

"உக்கார எடம் கேக்கறேன். முன்வாசல்ல. டம்ளர்ல தண்ணி."

"பொணத்தை வெச்சிகினு பேரம் பேசறியா?"

"பேரம் இல்லீங்க. ஏழாங்கிளாஸ் புள்ளைங்க கேட்ட கேள்வி. நான் பதில் எழுதணும்."

"எவடா உனக்குச் சொல்லிக்குடுத்தது? வாத்திச்சியா?"

"எடம் இல்லேன்னா பரவால்லீங்க. தந்தி அடிச்சிடுங்க. அதுக்குக் காலும் வலிக்காது, தாகமும் எடுக்காது."

கனகம், என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல வசனத்தை நான் கற்பனை செய்துகூட எழுதியதில்லை. தானாக வந்தது. தசரதன் நம் காலனி எல்லப்பனைக் கூப்பிட்டான். எல்லப்பன், "எனக்குச் சாவு சொல்ல நாக்கு வராதுங்க, மாடெல்லாம் அழுவாது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். காலனியில் ஒரு ஆள் அசையவில்லை. கடைசியில் தசரதனின் தம்பிகள் மோட்டார் சைக்கிளில் போனார்கள். குன்றத்தூரில் வீடு தெரியாமல் மூன்று தெரு சுற்றினார்களாம். வீடு தெரிந்த ஆள் இங்கே கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சொந்தபந்தம் வந்து சேரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது.

மற்றபடி விசேஷம் இல்லை. நீ கவலைப்படாதே. ஏரிக்கரையில் கொஞ்சம் வழுக்கிவிட்டேன், அவ்வளவுதான்.

மாமன்,
சின்னப்பையன்

ஆசிரியை அம்மாவுக்கு: அவர் சொல்லாததை எழுதக்கூடாது என்று எனக்கு உத்தரவு. இருந்தாலும் எழுதுகிறேன். ஏரிக்கரையில் அவர் வழுக்கவில்லை. அடிபட்டிருக்கிறது. வலது கை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. குத்தகையும் போய்விட்டது. — கன்னியப்பன்


அரூர்
29-1-1980

அன்புள்ள மாமாவுக்கு, கை எப்படி இருக்கிறது? கட்டை அவிழ்க்காதீர்கள். பச்சிலை வேண்டாம். சனிக்கிழமை வருகிறேன்.

உங்கள் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். வாசிப்பதற்கு முன்னால், "இதை எழுதியவர் என் தாய்மாமா" என்று சொன்னேன். யாக்கோபு, "அப்ப நீங்களும் அந்தக் காலனியா டீச்சர்?" என்றான். ஆமாம் என்றேன். பிறகு ஆசிரியர் அறைக்குப் போய் அங்கேயும் சொன்னேன். யாரும் கேட்காமலே சொன்னேன். தலைமையாசிரியர் டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் நாற்காலியில் உட்கார்ந்து என் டீயைக் குடித்தேன்.

போன கடிதத்தில் போய்விட்டு வந்துவிடுங்கள் என்று நான் எழுதியதைக் கிழித்துப்போடுங்கள்.

கன்னியப்பன் அண்ணன் எழுதியதைக் கேட்ட கங்கா, "அடிபட்டதுன்னா யார் அடிச்சாங்க டீச்சர்?" என்றாள். எங்கள் விதி உங்களுக்கும்தான், மாமா. யார் செய்தார்? எங்கே? நீங்கள் எங்கே இருந்தீர்கள்? எனக்கு எழுத வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதுங்கள். பசுமாடு வேண்டாம்.

கனகம்


ஏரிப்பாக்கம் காலனி
30-3-1980

அன்பு மருமகள் கனகத்துக்கும், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், சின்னப்பையன் தன் கைப்படவே எழுதுவது. எழுத்து கோணலாக இருக்கும். கை அப்படித்தான் கூடியிருக்கிறது. உன் அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். உன் அத்தை செங்கல் சூளைக்குப் போகிறாள். நான் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு கம்பெனி கட்டுகிறார்களே, அங்கே சுவருக்குத் தண்ணீர் அடிக்கிறேன். நான் தண்ணீர் அடிக்காவிட்டால் அந்தக் கட்டடம் நிற்காது என்று மேஸ்திரியே சொல்லிவிட்டார். சொல்லவில்லை என்றால் சொல்லியிருக்க வேண்டும்.

நீ வந்து போன பிறகு ஸ்டேஷனுக்கு எழுதிக்கொடுத்தேன். ஏரிக்கரைக் களத்துமேட்டில், தசரதனும் அவன் தம்பிகள் ரெண்டு பேரும் என்னை அடித்தார்கள், தடியால், நான் தனியாக நின்றுகொண்டிருந்தேன். இவ்வளவுதான். அரைப் பக்கம்கூட வரவில்லை. எனக்கே ஏமாற்றம். ரைட்டர் வாசித்துப் பார்த்து, "யாருய்யா இவ்ளோ தெளிவா எழுதிக்குடுத்தது?" என்றார். "ஏழாங்கிளாஸ் சார்" என்றேன். வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேஸ் நடக்கட்டும். வாபஸ் வாங்கு, குத்தகையைத் திருப்பித் தருகிறேன் என்று தசரதன் ஆள் அனுப்பினான். "உக்கார எடம் குடுத்தாரா?" என்று உன் அத்தை கேட்டாள். வந்தவன் இல்லை என்றான். "அப்ப நின்னுகினே திரும்பிப் போ" என்றாள்.

முக்கியமான செய்தி இனிமேல்தான். நம் காலனி பாப்பம்மாள் நேற்று காலமாகிவிட்டாள். பெரிய வீட்டு நெல் முழுக்க அவள் கையால் புடைத்தது. காலனிச் சாவு என்றால் ஊர்த் தெரு வழியாகப் போகக்கூடாது, ஏரிக்கரை சுற்றித்தான் போவோம். நேற்று நான் சைக்கிளை எடுத்தேன். செருப்பைக் காலில் போட்டேன். வலது கை விரல் மடங்காது, அதனால் பெல்லை இடது பக்கம் மாற்றி வைத்திருக்கிறேன். ஊர்த் தெரு ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் பெல்லிலிருந்து இடது கட்டை விரலை நான் எடுக்கவே இல்லை. பெரிய வீட்டு முன்னால் வந்ததும், "பாப்பம்மா பூட்டாங்கோ!" என்று ஒரு குரல் கொடுத்தேன். அவர்களுக்கும் செய்தி தெரிய வேண்டுமில்லையா?

தெருவில் ஆயிரம் பேர் கூடிவிட்டார்கள். உன் அத்தை பார்த்துக்கொண்டிருந்தாளாம், நாலு பேர்தான் என்கிறாள். உங்கள் விதிப்படி நாலு பேர் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஒருத்தன் தசரதன். அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

கங்கா, நான் உட்கார்ந்திருந்தேன். சைக்கிள் சீட்டில்.

அன்புடன்,
சின்னப்பையன்